ஏரி மீன் யாருக்கு? தூண்டில்காரர், குத்தகைக்காரர், நடுவில் ஒரு நியாயக் கணக்கு

மழை நன்றாகப் பெய்த ஆண்டு என்றால், ஒடுகத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைகளில் ஒரு புது நடமாட்டம் இருக்கும். வேலூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பைக்கில் வரும் இளைஞர்கள். முதுகுப் பையில் மடக்குத் தூண்டில், சுழல் ரீல், ரப்பர் தவளை. ஒரு கையில் கைப்பேசி, ரீல்ஸுக்கு. அதே கரையில், கொஞ்சம் தள்ளி, மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மதியக் குழம்புக்கு நாலு கெண்டை கிடைத்தால் போதும். இரண்டு பேரையும் பார்த்தபடி கரைமேல் நடந்து வருபவர் மூன்றாவது ஆள், குத்தகைக்காரர் வைத்த காவலாள். “தம்பி, இது குத்தகை ஏரி. கெளம்புங்க” என்பார்.

இந்த மூன்று பேரில் யாருக்கு எவ்வளவு மீன் நியாயம்? பார்க்கச் சின்னக் கேள்வி. இதே கேள்விக்காக அமெரிக்காவில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள், ஐரோப்பாவில் ‘ஒரு நாளைக்கு ஒரு மீன்’ என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், காவிரியில் பல ஆண்டுகள் நடந்த மீன்பிடி முகாம்களை மூடியிருக்கிறார்கள். தூண்டில் பொழுதுபோக்கு நம் ஊரிலும் வேகமாக வளர்வதால், இதை இப்போதே புரிந்துகொள்வது நல்லது.

மீன் பாசி குத்தகை என்றால் என்ன?

ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது உத்திர காவிரி. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் பெயர் வாங்கிய இந்த ஊரைச் சுற்றி, ஆற்றையும் மழையையும் நம்பிய பாசன ஏரிகள் பல. தமிழ்நாட்டில் ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடமோ, ஊராட்சி ஒன்றியத்திடமோ, ஊராட்சியிடமோ இருக்கும். தண்ணீர் விவசாயத்துக்கு. அதில் வளரும் மீனைப் பிடிக்கும் உரிமையைத் தனியாக ஏலம் விடுவார்கள். அரசு அறிவிப்பில் அதற்குப் பெயர் ‘மீன் பாசி குத்தகை’. ஆண்டுக் கணக்குகூட ஜனவரி முதல் டிசம்பர் வரை கிடையாது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் பசலி ஆண்டு.

ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார முடியாது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட வேண்டும். காவலுக்கு ஆள், கடைசியில் வலை இழுக்க ஆள். பெருமழையில் ஏரி கோடி போனால் மீனும் சேர்ந்து போய்விடும். மழை பொய்த்தால் தண்ணீர் வற்றி, விரல் நீள மீனையே அள்ளி விற்க வேண்டியதுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரே வாரத்தில் ஏரிகள் எப்படி நிரம்பி வழியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கு மதகைத் திறக்காதே என்று அவர் கேட்கவும் முடியாது. தண்ணீரில் முதல் உரிமை வயலுக்கு.

ஆக, இங்கே ‘வணிக மீன்பிடி’ என்று சொன்னால் பெரிய கப்பலை நினைக்காதீர்கள். பெரும்பாலும் கடன் வாங்கி ஏலம் எடுத்த ஒரு உள்ளூர்க்காரர், அல்லது நாலு பேர் கூட்டு, அல்லது ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம்.

தூண்டில்காரர்கள் பக்கத்து வாதமும் லேசானது இல்லை. “ஏரி ஊருக்குப் பொது. அதில் மீன் மட்டும் எப்படி ஒருத்தருக்குச் சொந்தம்?” ஏரியில் மண்வெட்டி பிடித்துத் தூர்வாரிய ஊர்க்காரர் இதைக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வந்தவர் கேட்டால் கொஞ்சம் சுலபம்!

சட்டத்தில் ‘இத்தனை மீன்’ என்று இருக்கிறதா?

பொதுவாக இல்லை. மீன்வளம் என்பது அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். கடல் எல்லைக்கு அப்பால் மட்டும் ஒன்றிய அரசு. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு அடிப்படையாக அமைந்தது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைக்காதே, விஷம் கலக்காதே என்று அது நேரடியாகத் தடுக்கிறது. வலைக் கண்ணின் அளவு, நிலையாகக் கட்டும் பொறிகள், சில காலத்துக்கு முழுத் தடை ஆகியவற்றை மாநில அரசு விதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. ‘ஒரு ஆள், ஒரு நாள், இத்தனை மீன்’ என்ற கணக்கு அதில் கிடையாது.

தமிழ்நாட்டிலேயே தூண்டிலை முதலில் சட்டத்துக்குள் கொண்டுவந்த இடம் நீலகிரி. அங்கே 1879-லேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கென்று ஒரு தனிச் சட்டம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். உரிமம் வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும் என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது. துரைமார் பொழுதுபோக்குக்காக வந்த ஒழுங்கு அது. சமவெளி ஏரிகளுக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் இங்கே தூண்டில் போட்டவர்கள் துரைமார் இல்லை.

சமவெளியில் வரம்பு வேறு வடிவத்தில் வந்தது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஏலம். ஒருவருக்கு முழு ஏரி, மற்றவர்களுக்குப் பூஜ்யம். காகிதத்தில் அதுதான் நம் ‘பிடி வரம்பு’. நடைமுறையில் மூங்கில் கழிக்காரரை யாரும் விரட்டுவதில்லை. ரீல் தூண்டிலோடு பத்துப் பேர் வந்தால் மட்டும் சண்டை.

இது திருட்டா? திறந்த நீரில் தன் இஷ்டத்துக்குத் திரியும் மீன் யாருடைய கைவசமும் இல்லை, அடைத்து வளர்க்கும் குட்டையில் இருக்கும் மீன் உரிமையாளரின் கைவசம் இருக்கிறது என்ற வேறுபாட்டை பிரிட்டிஷ் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் பேசிவந்திருக்கின்றன. குத்தகை ஏரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பார்த்தால் திறந்த நீர், உள்ளே காசு கொடுத்து விட்ட குஞ்சு. அதனால்தான் கரையில் வாய்ச்சண்டை வந்தால் இரண்டு பக்கமும் ‘சட்டம் எங்க பக்கம்’ என்கிறார்கள்.

இரண்டே மீன்தானே பிடித்தோம்?

இங்கேதான் மெக்சிகோ வளைகுடாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே சண்டை நம் சங்கராவின் சொந்தக்கார மீனுக்கு, சிவப்பு ஸ்னாப்பர். 1990 வாக்கில் அமெரிக்க அதிகாரிகள் மொத்தப் பிடியை வணிக மீனவருக்கு 51%, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு 49% என்று பிரித்தார்கள். 1979 முதல் 1987 வரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பழைய கணக்கை வைத்துப் போட்ட பாகம் அது.

2007-ல் வணிகப் பக்கம் தலைகீழாக மாறியது. ஒவ்வொரு மீனவருக்கும் தனித்தனிப் பங்கு. பிடித்து வந்த மீன் துறைமுகத்தில் எடை போடப்பட்டு அவர் பங்கிலிருந்து கழியும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். பொழுதுபோக்குப் பக்கம் அப்படி முடியாது. லட்சக்கணக்கான பேர், சொந்தப் படகு, சொந்த வீட்டுத் துறை. யார் எடை போடுவது? அதனால் கருத்துக்கணிப்பு மாதிரி ஒரு மதிப்பீடு, கூடவே ‘ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 மீன்’ என்ற விதி.

அந்த விதியில்தான் ஓட்டை. இரண்டு மீன் என்பது ஆளுக்கு வரம்பு. கடலுக்கு வரம்பு கிடையாது. கணக்குக்காக நம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் 10 பேர் வந்து ஆளுக்கு 2 மீன் எடுத்தால் ஆண்டுக்கு 1,040 மீன். ஒரு யூடியூப் வீடியோ ஓடி, 100 பேர் வர ஆரம்பித்தால் 10,400. ஒருவர்கூட விதியை மீறவில்லை. ஏரி மட்டும் காலி.

அங்கேயும் அதுதான் நடந்தது. தூண்டில்காரர்களின் மொத்தப் பிடி தன் பங்கைத் திரும்பத் திரும்பத் தாண்டியது. கால்வெஸ்டன் வணிக மீனவர் ஒருவர் முன்னின்று தொடுத்த வழக்கில், தூண்டில் பக்கத்தைக் கட்டுப்படுத்தும் கடமையில் அரசு தவறிவிட்டது என்று 2014-ல் நீதிமன்றம் சொன்னது. பிறகு அதிகாரிகள் பங்கையே மாற்றிப் பார்த்தார்கள்: தூண்டிலுக்கு 51.5%, வணிகத்துக்கு 48.5%. 2017-ல் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிகம் பிடித்தவருக்கே அதிகப் பங்கு என்றால், தாண்டிப் பிடித்ததற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்பதுதான் எதிர்த் தரப்பின் கோபம்.

அதே 2017-ல் ஒன்றிய அரசின் கடலெல்லையில் சொந்தப் படகுத் தூண்டில்காரர்களுக்கு ஆண்டுக்கு 3 நாள்தான் பருவம் என்று அறிவிப்பு வந்தது. மூன்றே நாள்! கூச்சல் கிளம்பியதும் அரசு இன்னும் 39 நாள் கூட்டிக் கொடுத்தது. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அந்த நாளில்தான் போக வேண்டும் என்றால் விபத்து வராதா என்ற கேள்வி தூண்டில்காரர் பக்கம் இருந்தது. நியாயமான கேள்விதான். பிறகு மாநிலங்களே தங்கள் பகுதியின் தூண்டில் பருவத்தை நடத்தும் முறைக்கு மாறினார்கள்.

பொழுதுபோக்கு என்றால் தாக்கம் சின்னது என்று நாம் நினைப்பதும் பாதிதான் சரி. 2004-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, 2002-ல் அமெரிக்காவில் கரைசேர்ந்த மொத்தக் கடல் மீனில் பொழுதுபோக்குத் தூண்டிலின் பங்கு 4%. ஆனால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் மீனினங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 23%. மெக்சிகோ வளைகுடாவில் மட்டும் பார்த்தால் 64%. காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. மத்தியும் நெத்திலியும் யாரும் தூண்டிலில் தேடிப் போவதில்லை. பெரியதாக, அழகாக, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் மீனைத்தான் தேடுகிறோம்.

பிடித்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுகிறோமே?

இந்தப் பதிலை இப்போது நிறையக் கேட்கலாம். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய கதை உண்டு: காவிரியின் மகசீர்.

1946-ல் கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். அந்தப் பெயரைக் கேட்டு உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தார்கள். பின்னாளில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகலி ஆகிய இடங்களில் முகாம்கள் வந்தன. விதி ஒன்றுதான்: பிடிக்கும் மீனை எடை பார்த்து, படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட வேண்டும். முன்பு வலையும் வெடியுமாக வாழ்ந்த உள்ளூர் ஆட்கள் பலர் வழிகாட்டியாகவும் ஆற்றுக் காவலராகவும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முகாம்கள் இருந்த பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே தூண்டில் போடுவதும் வேட்டையில்தான் சேரும் என்ற நிலைப்பாட்டில் 2012-ஐ ஒட்டி அது நிறுத்தப்பட்டது. முகாம் போனால் காவலும் போகும், ஆற்றில் வெடி திரும்ப வரும் என்று மீன் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். வெளிநாட்டுக்காரர் ஜாலிக்காகப் பிடித்து விட்டால் ‘பாதுகாப்பு’, உள்ளூர்க்காரர் சோற்றுக்குப் பிடித்தால் ‘திருட்டு வேட்டை’, இது என்ன நியாயம் என்பது மறுபக்கத்துக் கேள்வி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதலாவது பக்கம் சொன்னதை ஆற்றில் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். இரண்டாவதற்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் பிடித்த மீனையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஆராய்ந்தபோது, பிடிபடும் மகசீரின் எண்ணிக்கை கூடியிருந்தது. நல்ல செய்தி மாதிரி இருக்கிறதல்லவா? உள்ளே போய்ப் பார்த்தால், கூடியது குஞ்சுப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் கொண்டுவந்து விடப்பட்ட வேறொரு மகசீர் இனம். காவிரியின் சொந்த மீனான கூன் முதுகு மகசீர் பிடியிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தது. நூறாண்டுக்கு மேல் உலகப் புகழோடு இருந்த அந்த மீனின் அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது ‘மிகவும் அருகிய’ இனம் என்ற பட்டியலிலும் ஏறியது. தூண்டில்காரர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் இந்த மாற்றம் யாருக்கும் தெரிந்தே இருக்காது. எழுதி வைத்ததால் மீன் பிழைத்துவிடவில்லை என்பதும் உண்மை.

திருப்பி விட்ட மீன் எல்லாம் பிழைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வெயில் ஏறிய நேரத்துச் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு; நீண்ட நேரம் இழுத்துக் களைத்த மீனை வெளியே வைத்து ஐந்தாறு செல்ஃபி எடுத்துவிட்டு விட்டால், நீந்திப் போவது மாதிரிதான் இருக்கும். உலர்ந்த கையால் பிடித்தால் உடல் மேல் வழவழப்பு உரிந்து, அங்கே பூஞ்சை பிடிக்கும். முள் இல்லாத கொக்கி, நனைத்த கை, மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுவிப்பது, இந்த மூன்றும் பெரிய வித்தை எதுவும் இல்லை.

எந்த மீன் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்

அமெரிக்காவின் 51-49ஐ அப்படியே தூக்கி வந்து ஒடுகத்தூர் ஏரியில் வைக்க முடியாது. நம் ஏரி மீன் எல்லாம் ஒரே மாதிரி அங்கே வந்து சேரவில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் நிற்கும் தண்ணீரில் பெரும்பாலும் முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். 1957-ல் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சு உற்பத்தி பெருகி ஏரிக்கு ஏரி போனது. (அந்த ஜூலை 10-ம் தேதியைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.) ஆகவே ஏரியில் நீங்கள் பிடிக்கும் 3 கிலோ கட்லா, யாரோ விதைத்து வளர்த்த பயிர். குத்தகைக்காரர் அதைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

விரால் கதை வேறு. அது ஏரியின் சொந்தப் பிள்ளை. தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். தானே முட்டையிடும், குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வரும்போது தாயும் தந்தையும் கீழேயே நின்று காவல் காக்கும். இதை யாரும் விதைக்கவில்லை. ஏலப் பத்திரம் என்ன சொன்னாலும், தார்மீகமாக இது ஊர்ப் பொது என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் ரப்பர் தவளைத் தூண்டிலுக்கு அதிகம் மாட்டுவதும் இதுதான். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்து அதன்மேல் தவளையை வீசினால், எதிரி வந்துவிட்டதென்று தாய் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, கோபத்தால். அந்த ஒரு மீனைத் தூக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை. குத்தகைக்காரர் கணக்கில் இந்த நஷ்டம் வராது, அவர் நம்பியிருப்பது கட்லாவை. தூண்டில்காரரின் குளிர்பெட்டியில் தெரிவதும் ஒரே ஒரு மீன். ஆனால் அடுத்த ஆண்டு விரால் குறைந்திருக்கும்.

ஆக விராலுக்குத்தான் வரம்பு வேண்டும், அதுவும் எண்ணிக்கையைவிட நேரமும் அளவும் முக்கியம். குஞ்சோடு நிற்கும் மீனை விட்டுவிடுவது, சின்னதையும் ரொம்பப் பெரியதையும் விட்டு நடு அளவை மட்டும் எடுப்பது. பெரிய பெண் மீன் இடும் முட்டை, அதில் பாதி எடையுள்ள இரண்டு மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகமாக இருப்பது பல மீனினங்களில் கண்டது. கோப்பை மீனைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அதிக சேதம்.

மூன்றாவது ஜிலேபி. 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த மீன் சின்ன வயதிலேயே குஞ்சு பொரித்து ஏரியை நிரப்பிவிடும். இதற்கு வரம்பே வேண்டாம், பிடித்த மட்டும் பிடிக்கலாம். அதையும் குத்தகைக்காரர் விற்கிறார் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திருப்பி விடவே கூடாது. வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது.

நம் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பங்கு போட்ட விதம்

எண்ணிக்கை வரம்பு நமக்குப் புதிது. பங்கீடு புதிதில்லை. ராமநாதபுரம் மாவட்டப் பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் 1970களில் கடும் மோதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு, வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. கிலோ கணக்கு பார்க்கவில்லை, நாளைப் பிரித்தார்கள். எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் யாருக்கும் புரியும் விதி அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் விசைப்படகுக்குத்தான். கட்டுமரமும் சிறு வள்ளமும் போகலாம். பெரிய கைக்குப் பெரிய கட்டுப்பாடு என்ற கணக்கு.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கத்து மீன்பிடித் திருவிழாவை இந்தக் கண்ணோடு யாரும் பார்ப்பதில்லை. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் நேரம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஊத்தாவும் கச்சாவுமாகச் சேற்றில் இறங்குவார்கள். விற்பனை கிடையாது, வீட்டுக் குழம்புக்குத்தான். ஒரே நாள், கையால் பிடிக்கும் கருவி, எல்லாருக்கும் அனுமதி. வெளிநாட்டு மீன்வளத் துறைகள் பக்கம் பக்கமாக எழுதும் பொழுதுபோக்கு மீன்பிடி விதிகளில் பாதி இதற்குள் இருக்கிறது. வற்றும் கண்மாயில் மீன் எப்படியும் சாகத்தான் போகிறது என்பதால் இயற்கைக்கும் பெரிய இழப்பில்லை.

மூங்கில் கழிக்காரரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மேலைநாட்டு விவாதத்தில் இரண்டே கட்சிகள்: வணிகம், பொழுதுபோக்கு. பெரியவரின் மண்புழு டப்பா இரண்டிலும் அடங்காது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டியே, தன் உணவுத் தேவைக்கு முக்கியமாக மீனை நம்பாமல், பொதுவாக விற்காமல் பிடிப்பதைத்தான் பொழுதுபோக்கு மீன்பிடி என்கிறது. அதாவது குழம்புக்காகப் பிடிப்பவர் தனி. வட மாவட்டங்களில் ஏரியிலும் கால்வாயிலும் கையாலும் சிறு வலையாலும் மீனும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அந்த மூன்றாவது வகைதான்.

நாளைக்கு ஒரு அதிகாரி நல்லெண்ணத்தோடு ‘தூண்டிலுக்கு உரிமம், நாளுக்கு 2 மீன்’ என்று உத்தரவு போட்டால் யாருக்கு அடி? உரிமக் கட்டணம் பைக்கில் வந்தவருக்கு ஒரு காபி காசு. இரண்டு மீனும் அவருக்குப் போதும், மற்றதை விட்டுவிட்டு ரீல்ஸ் போடுவார். நாலு கெண்டை வேண்டிய வீட்டுக்கு இரண்டு போதாது, உரிமத்துக்கு அலையவும் நேரமிருக்காது. எல்லாருக்கும் ஒரே விதி என்று கேட்கும்போது சமமாகத் தெரியும் இந்த வரம்பு, ஒருவர் தட்டில் மட்டும் கை வைக்கும்.

இன்னொருவர் மீன் எடுக்கிறார், தூண்டிலும் இல்லை வலையும் இல்லை. ஒடுகத்தூர் தோல் தொழில் பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றில் கலந்த தோல் கழிவை எதிர்த்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. கிட்டத்தட்ட 29 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பு சொல்லி, இழப்பீடும் கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. கழிவு பாயும் இடத்தில் செத்து மிதக்கும் மீனை யாருடைய பங்கில் கழிப்பது? தூண்டில்காரரும் குத்தகைக்காரரும் கரையில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும்போது இந்தக் கேள்வி யார் வாயிலும் வருவதில்லை.

சரி, ஏரிக்குப் போகலாமா, வேண்டாமா?

போகலாம், கேட்டுவிட்டு. ஏரி யாருடையது, இந்தப் பசலிக்கு யார் எடுத்திருக்கிறார்கள் என்பது ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நேரில் போய்ப் பேசினால், ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட ஒப்புக்கொள்ளும் குத்தகைக்காரரும் இருப்பார். கட்லா மாட்டினால் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் எடைக்குக் காசு தருகிறோம், ஜிலேபி எங்களுக்கு, குஞ்சு விரால் பக்கம் போக மாட்டோம் என்று பேசிக்கொள்ள வழக்கறிஞர் தேவையில்லை. பிடித்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, இனம், எடை, எடுத்ததா விட்டதா. கலிபோரேயில் அந்த நோட்டுதான் உண்மையைச் சொன்னது.

இதை ஒவ்வொருவர் நல்ல மனசுக்கும் விட்டுவிடாமல் விதியாக்க வேண்டும் என்றால் அதற்கான இடம் சென்னையில் இல்லை, ஏல நிபந்தனைத் தாளில் இருக்கிறது. குத்தகை விடும்போதே நாலு வரி சேர்க்கலாம். உள்ளூர்க்காரர் ஒற்றைத் தூண்டிலில் வீட்டுக்குப் பிடிக்கத் தடையில்லை. வெளியாட்கள் கட்டணத் தூண்டில் போடலாம், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட கரையில்; வரும் பணத்தில் ஒரு பகுதி ஏரி பராமரிப்புக்கு. விரால் குஞ்சோடு நிற்கும் மாதங்களில் தவளைத் தூண்டில் கூடாது. ஏரி வற்றும் கடைசி நாள் ஊருக்கு.

இதனால் ஏலத் தொகை கொஞ்சம் குறையலாம், அரசுக்கு வருமானம் போகிறதே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். காவலுக்குச் செலவாகும் பணமும் கரைச் சண்டையும் குறைந்தால் குத்தகைக்காரரே அதே தொகை கேட்க வாய்ப்பும் உண்டு. முயன்று பார்த்தால்தான் தெரியும். கிராம சபை கூடும்போது மீன் பாசி குத்தகையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை; அடுத்த பசலி ஜூலை 1-ல் தொடங்குகிறது, ஏல அறிவிப்பு அதற்கு முன்பே வந்துவிடும்.